கிழக்கே வீராயி சமாதி

மிட்டாதார் விருத்தகிரி செருமினால் காக்கைகூடக் கத்தாது. அந்தி மங்கலில், ஒச்சாயியின் நிலத்தில் தாசில்தாரை நிறுத்திவைத்து அப்படித்தான் செருமினார்.

"பன்னிரண்டு வருசம் முந்தியே இவ அப்பன் இதை எனக்கு வித்துட்டான். இதோ கிரையப் பத்திரம்! இன்னிக்கே இவளைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. நாலெல்லையை மட்டும் வாசிங்க," என்றாள் ஒச்சாயி.

"வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பனைமரம்," மிட்டாதார் கணீரென்று முழங்கினார், "கிழக்கே வீராயி சமாதி!"

காற்று நின்றது. பனையோலை அசையவில்லை.

"எங்கம்மா வீராயி செத்தது போன தையிலதானுங்க. பன்னிரண்டு வருசம் முந்தி அந்தச் சமாதிக்குள்ள யாருங்க படுத்திருந்தா?"

மிட்டாதார் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தேகம்னா அவளையே கேளுங்க சாமி. அவ மேலதான் நிக்கிறீங்க."

அவர் குதித்த குதியில் பத்திரம் நழுவி விழுந்தது. தாசில்தார் குனிந்து எடுத்துக்கொண்டார், போலிப் பத்திர வழக்குக்காக.