வாய் நிறையத் தண்ணீர்

“அந்தப் பொண்ணை நாளைக்கு ஊருக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன் மேடம்” என்றார் தணிகைவேல்.

எஸ்தர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அனுப்புங்க.”

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“தயாரிப்பாளர் நீங்க. டைரக்டர் நீங்க. ஹீரோவும் நீங்க. மூணு பேரும் கலந்து பேசித்தானே முடிவெடுத்திருப்பீங்க.”

தணிகைவேல் சிரித்தார். இன்னொருவர் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார்.

அவர் சினிமாவுக்கு வந்த புதிதில் அடி வாங்கினார். வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்பவர்களில் ஒருவர். பிறகு வில்லனாகி அடி கொடுத்தார். எஸ்தர் தன் முதல் படத்தில் அவரைக் கதாநாயகனாகப் போட்டபோது பத்திரிகைகள் சிரித்தன. படம் ஓடியதும் அதே பத்திரிகைகள், அப்போதே சொன்னோமே என்று எழுதின.

அதன்பின் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதன்பின் இயக்கம். எடுத்த இரண்டும் ஓடின. டைட்டிலில் அவர் பெயர் நான்கு முறை வரும். ஐந்தாவது முறையாக நன்றி அட்டையில் வரும்.

எஸ்தர் படம் எடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. தணிகைவேலைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் எங்காவது இடறினால் தணிகைவேலின் கார் சாலிகிராமத்தில் எஸ்தர் வீட்டு வாசலில் நிற்கும்.

இப்போது இடறியது கடைசிக் காட்சியில்.

“கதை தெரியும்ல மேடம். அப்பன் ஜெயில்ல இருந்து வர்றான். மக சோறு எடுத்து வைக்கிறா. வெச்சுட்டு, இந்த வீட்டுல நீங்க இருக்க வேண்டாம்னு சொல்றா. அவ்வளவுதான். படமே அந்த இடத்துலதான் நிக்குது.”

“நிக்கலையா?”

“படுத்துருச்சு. மூணு நாளா எடுக்கறேன். நப்பின்னைன்னு பேரு, மதுரையில நாடகம் போடுற பொண்ணு. நான்தான் தேடிப் பிடிச்சேன். ஒரு வார்த்தை பேசுறா, நிக்கிறா. இன்னொரு வார்த்தை பேசுறா, நிக்கிறா. யாரோ எடுத்துக் குடுக்கணும்னு காத்துக்கிட்டிருக்கிற மாதிரி.”

“வசனம் பாடம் இல்லையா?”

“தலைகீழாச் சொல்லுவா. ஒத்திகையில கோ-டைரக்டர் முபாரக்கை எதிர்ல உட்கார வெச்சு அவளைப் பேச வெச்சேன். லைட்பாய் வரைக்கும் கண்ணைத் துடைச்சான். டேக்னு வந்து நான் எதிர்ல உட்கார்ந்தாப் போச்சு.”

“உங்களைப் பார்த்துப் பயமா?”

“பயமா? மதியம் என் தட்டுல இருந்து மீன் எடுத்துச் சாப்பிடுற பொண்ணு மேடம்.”

எஸ்தர் கத்தியைக் கீழே வைத்தார்.

“எடுத்தது இருக்கா?”

இருந்தது. தணிகைவேல் மடிக்கணினியைத் திறந்து நப்பின்னையின் முகத்தைப் போட்டார்.

“இது வேண்டாம். அவ தோளுக்குப் பின்னால இருந்து எடுத்தது?”

“அதுல அவ முதுகுதான் தெரியும். நான்தான் இருப்பேன்.”

“அதைப் போடுங்க. சத்தம் வேண்டாம்.”

சத்தமில்லாமல் ஓடியது. நப்பின்னையின் ஜடை. அதற்கு அப்பால் தணிகைவேல். நரைத்த தாடி, பழைய சட்டை. அந்தக் காட்சியில் அவருக்கு வசனமே கிடையாது. மகள் பேசுவாள். அவர் கேட்பார்.

“கண்ணு நல்லா வந்திருக்கு” என்றார் தணிகைவேல், திரையைப் பார்த்து.

எஸ்தர் மறுபடி போடச் சொன்னார்.

“யாரு பேசுறது?” என்று கேட்டார்.

“அவதான்.”

“அப்படியா.”

எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

“வாய் நிறைய ஊத்துங்க. முழுங்கக்கூடாது.”

தணிகைவேல் ஊற்றிக்கொண்டார். கன்னம் உப்பியது.

“இவ்வளவு வேண்டாம். கேமராவுக்குத் தெரியாத அளவுக்கு. நாளைக்கு அவ பேசி முடிக்கிற வரைக்கும் இது வாயிலேயே இருக்கட்டும். அதுக்கப்புறமும் அவ சரியா வரலைன்னா, பஸ் டிக்கெட் நானே எடுத்துக் குடுக்கறேன்.”

தணிகைவேல் முழுங்கினார்.

“அப்ப கட் யாரு சொல்றது மேடம்?”

எஸ்தர் வெங்காயத்துக்குத் திரும்பியிருந்தார்.

*

மறுநாள், குன்றத்தூரில் வாடகைக்கு எடுத்த வீடு. தரையில் மூடி வைத்த தட்டு. இந்தப் பக்கம் தணிகைவேல், அந்தப் பக்கம் நப்பின்னை.

தணிகைவேல் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டார். ஆக்‌ஷனுக்குக் கையை மட்டும் காட்டினார்.

“சாருக்குப் பல்வலி போல” என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

நப்பின்னை தொடங்கினாள்.

“நீங்க வந்தது சந்தோஷம்ப்பா.”

தணிகைவேலின் தாடி நனைந்தது. சட்டையிலும் வழிந்தது.

அவரே திடுக்கிட்டார். சட்டை மாற்றினார்கள். மறுபடி டம்ளர். மறுபடி கை.

“நீங்க வந்தது...”

மறுபடி சட்டை.

தணிகைவேல் எழுந்து மானிட்டருக்குப் போனார். முந்தின நாள் எடுத்ததைப் போடச் சொன்னார். சத்தம் வேண்டாம் என்றார். நேற்று தன் கண்ணைப் பார்த்தவர் இன்று வாயைப் பார்த்தார்.

நப்பின்னை பேசப்பேசத் திரையில் அவர் உதடும் அசைந்தது. சந்தோஷம்ப்பா. வீடு. வேண்டாம். ஒவ்வொரு வார்த்தையையும் அவளுக்கு அரை நொடி முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியவர் அவர்தானே.

முபாரக் பக்கத்தில் நின்று விட்டத்தைப் பார்த்தார்.

“உமக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும் சார்.”

“சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“டைரக்டர்கிட்டச் சொல்லியிருப்பேன் சார். அவரு நடிச்சுக்கிட்டிருந்தாரு.”

தணிகைவேல் அவரை ஒரு பார்வை பார்த்தார். போய் உட்கார்ந்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

“சார், நான் ஏதாவது தப்பு பண்றேனா?” என்றாள் நப்பின்னை.

வாய் நிறைந்திருந்தது. இல்லை என்று தலையசைத்தார். கையைக் காட்டினார்.

அவள் வழக்கம்போல முதலில் அவர் உதட்டைப் பார்த்தாள். அது மூடியிருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அங்கிருந்து எதுவும் வரவில்லை. பார்வை மேலே ஏறி அவர் கண்ணில் நின்றது.

“நீங்க வந்தது சந்தோஷம்ப்பா. நிஜமாத்தான் சொல்றேன். வருவீங்கன்னு அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்துச்சு. எங்க வேணா இருங்க. நான் வந்து பாக்கறேன். இந்த வீட்டுல மட்டும் வேண்டாம்.”

நடுவில் எங்கும் நிற்கவில்லை. காட்சி அங்கே முடிகிறது. தணிகைவேல் எழுதியது அவ்வளவுதான்.

யாரும் கட் சொல்லவில்லை.

அந்தச் சொல் இயக்குநருடையது. அவர் இருக்கும்போது இன்னொருவர் சொன்னால், சொன்னவரை வீட்டில் விடச் சாயங்காலம் கம்பெனிக் கார் வராது. முபாரக் இருபது வருடமாகக் கார் வரும் இடத்தில் இருப்பவர். கேமராமேன் முபாரக்கைப் பார்த்தார். முபாரக் தணிகைவேலைப் பார்த்தார். தணிகைவேல் நப்பின்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நப்பின்னைக்குச் சொல்ல வேறு வசனம் இல்லை. எழுந்து போகவும் முடியாது, எழுதியிருக்கவில்லை. எதிரே ஒரு மனிதர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தட்டின் மூடியை எடுத்தாள். அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“சாப்பிட்டுட்டுப் போங்கப்பா.”

காலையில் வைத்த சோறு. ஆறிக் காய்ந்திருந்தது.

தணிகைவேல் கையை வைத்தார். பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

*

மாலையில் எஸ்தருக்குப் போன் செய்தார்.

“பஸ் டிக்கெட் எடுக்கணுமா?” என்றார் எஸ்தர்.

“வேண்டாம் மேடம். வசனத்துல என் பேருக்குக் கீழ அவ பேரையும் போடச் சொல்லிட்டேன்.”

“கட் யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. மெமரி கார்டு நெறஞ்சு கேமராவே நின்னுபோச்சு. அப்பவும் நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேனாம்.”

“வாயில தண்ணி இருந்துச்சே தணிகை. அது என்னாச்சு?”



“தெரியல மேடம்” என்றார் தணிகைவேல். “எப்ப முழுங்கினேன்னு தெரியல.”