ராயர் உட்கார்ந்த கல்

மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது, வெயில் அடித்தால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அப்படியொரு கரிசல் சீமையை முன்னொரு காலத்தில் மகரபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை.

ஒருநாள் அவருடைய புதுச் சரிகைச் செருப்பில் சேறு அப்பிவிட்டது. "அரண்மனை வாசலிலிருந்து தேர்க்கொட்டகை வரை கல் பாவ வேண்டும். என் பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும்!" என்றார்.

கல் பாவுவதில் பேர்போன பொம்மக்காவையும் அவள் ஆட்களையும் மந்திரி மெய்யழகர் வரவழைத்தார். மேற்பார்வை மட்டும் அலங்காரராயருக்குப் போயிற்று. ராயர் அரண்மனை அலங்காரத்துக்கு அதிகாரி. மந்திரியை யாராவது புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பொம்மக்கா மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். "சாமி, இது களிமண்ணு. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். முழங்கால் ஆழம் தோண்டி எடுத்துட்டு, சரளை கொட்டி இடிச்சு, மேல ஆத்துமணல் பரப்பித்தான் கல்லு வைக்கணும். தண்ணி ஓட ஒரு பக்கம் வாட்டமும் விடணும்."

"மண்ணுக்குள் புதைப்பதை ராஜா பார்க்கப்போகிறாரா?" என்றார் ராயர். "பிறந்தநாள் நெருங்குகிறது. வெறும் மண்ணிலேயே பரப்பு. கல்லின் கனமே கல்லைப் பிடித்துக்கொள்ளும்."

"பிடிக்காது சாமி."

"சொல்வது என் வேலை. பாவுவது உன் வேலை."

பிறந்தநாளன்று பாதை கண்ணாடி போல இருந்தது. "யோசனை முழுக்க என்னுடையது" என்று ராயர் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரமே மழை கொட்டியது. ராஜா வெளியே வந்து மூன்றாவது கல்லில் கால் வைத்தார். கல் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பியது. அடியிலிருந்த சேறு பீய்ச்சிக்கொண்டு மீசை வரைக்கும் வந்தது. ராஜா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். லாயத்திலிருந்து யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

"யார் பாவிய கல் இது?"

"பொம்மக்கா, மகாராஜா. மந்திரி அழைத்து வந்த ஆள்" என்றார் ராயர். முகத்தில் வருத்தம், குரலில் சர்க்கரை.

"குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!"

பொம்மக்கா பதறிப்போனாள். "மகராசா, அன்னைக்கே தோண்டணும்னு சொன்னேன். ராயர்தான் வேண்டாம்னாரு."

"நானா? இவள் வாயே திறக்கவில்லை" என்றார் ராயர்.

மந்திரி குறுக்கே வந்தார். "மகாராஜா, குற்றம் நடந்த இடத்திலேயே விசாரித்துத்தான் தண்டிக்க வேண்டும். அது நம் நாட்டு வழக்கம்."

"சரி. என் இடுப்பு வலி தீரட்டும்" என்றார் ராஜா.

இடுப்பு வலி தீர்வதற்குள் மழை ஓய்ந்து, வெயில் காய்ந்து, மண் பாறையாக இறுகி வெடித்திருந்தது. பாதையின் ஓரத்தில் ஆசனங்கள் போட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான ஒரு கல்.

அந்த நாட்டில் விசாரணைக்கு உட்காருகிறவர்களுக்கு முதலில் கால் கழுவிவிடுவார்கள். எத்தனை குடம் ஊற்றுகிறார்களோ அத்தனை மரியாதை. ராஜாவுக்கு நிறையக் குடங்கள் ஊற்றினார்கள். மந்திரி, "எனக்கு ஒரு செம்பு போதும்" என்றார்.

ராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எனக்கு ராஜாவுக்கு ஊற்றிய அளவு ஊற்றுங்கள். ம், நிறுத்தாதே! இன்னொரு குடம்!"

கல்லைச் சுற்றியிருந்த வெடிப்புகளில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

விசாரணை தொடங்கியது. ராயர் தம் திறமையைப் பற்றியே நெடுநேரம் பேசினார். பாதிப் பேச்சில் ராஜா கண்ணைச் சுருக்கினார். "ராயரே, ஏன் இடது பக்கம் சாய்கிறீர்?"

"பணிவு, மகாராஜா."

"இன்னும் சாய்கிறீரே?"

"பணிவு கூடுகிறது, மகாராஜா."

ராயர் நிமிர்ந்து உட்காருவதாகக் காட்ட வலது பக்கம் எம்பினார். கனமான மனிதர். கல் கொழகொழத்த மண்ணில் வழுக்கிப் புதைந்தது. ஆசனமும் ராயரும் தலைப்பாகையும் ஒன்றாகச் சேற்றில் விழுந்தார்கள்.

"எந்த மடையன் இந்தக் கல்லை வைத்தது?" என்று ராயர் கத்தினார். "களிமண்ணைத் தோண்டி எடுத்துச் சரளை போடாமல் கல் வைக்கலாமா? அந்தப் பொம்பளை அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னாளே!"



ராஜா மெல்லக் குனிந்து கேட்டார். "எந்தப் பொம்பளை, ராயரே? யாரிடம் சொன்னாள்?"

ராயர் வாயைத் திறந்தார். சேறுதான் உள்ளே போயிற்று.

"மகாராஜா, அவர் கல்லை அவர் சொன்னபடி வெறும் மண்ணில் வைக்கச் சொன்னேன். உங்கள் கல்லைப் பொம்மக்கா சொன்னபடி வைத்தோம். இரண்டுக்கும் அதே தண்ணீர்தான்" என்றார் மந்திரி.

ராஜா தம் ஆசனத்தை அசைத்துப் பார்த்தார். அது நகரவில்லை. "என்னையே உட்காரவைத்துச் சோதித்தீரா? இதுவும் சாய்ந்திருந்தால்?"

"பொம்மக்காவின் வண்டியில் நானும் ஏறி எல்லையைத் தாண்டியிருப்பேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். போன இடுப்பு வலி திரும்பி வந்துவிட்டது. நாடு கடத்தும் உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று. "என்ன வேண்டும், கேள் தாயே" என்றார்.

"மண்ணைத் தோண்ட யாருகிட்டயும் உத்தரவு கேக்க வேண்டாம்னு ஒரு உத்தரவு போடுங்க மகராசா."

"போட்டாயிற்று. ராயரே, நீர் இவளிடம் வேலைக்குச் சேரும். தோண்டுவது உம் பங்கு."

பாதை முழுவதையும் பெயர்த்துத் தோண்டினார்கள். சரளை இடிக்கும்போது ராயர் முனகினால் பொம்மக்கா, "சாமி, பணிவு போதாது. இன்னும் குனிஞ்சு இடிங்க" என்பாள்.

அடுத்த பெருமழையில் ராஜா குடைகூட இல்லாமல் வெளியே வந்தார். ஒவ்வொரு கல்லாக மிதித்துக்கொண்டு கொட்டகை வரை நடந்தார், திரும்பியும் நடந்தார். தண்ணீர் வாட்டம் பார்த்து ஓரமாக ஓடியது. ஒரு கல்லும் அசையவில்லை.

பொம்மக்கா அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். அவளைவிடப் பெரிய மூச்சு விட்டவர் ராயர். ஏதாவது ஒரு கல் ஆடியிருந்தால், மறுபடி தோண்ட வேண்டியவர் அவர்தானே!