சேவலாய்க் கூவிய வேடன்

உட்காருங்கள், நன்றாக உட்காருங்கள். வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள், கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். மலைக்கு ஒரு தலைவன், தலைவனுக்கு ஒரு தலைப்பாகை, தலைப்பாகைக்கு ஓர் இறகு என்று இருந்த காலத்தில் நடந்த கதை இது.

அந்த மலைக்குக் கருநெல்லி மலை என்று பெயர். தெற்குச் சரிவில் ஓர் ஊர், வடக்குச் சரிவில் ஓர் ஊர், நடுவில் மூங்கில் அடர்ந்த பள்ளத்தாக்கு. தெற்கூர்க்காரர் வடக்கூருக்குப் பெண் கொடுப்பதில்லை. வடக்கூர்க்காரர் தெற்கூரில் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு ஊரிலும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒற்றுமையாக இருந்தன.

தெற்கூரில் கொற்றன் என்று ஒரு வேடன் இருந்தான். காட்டுக்கோழி பிடிப்பது அவன் தொழில்.

இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் இளவேனில் வந்துவிட்டால் காட்டுச்சேவல்களுக்குத் தலைகால் புரியாது. பொழுது வெளுக்கும் முன்பே கூவத் தொடங்கும். வேடர்கள் புதருக்குள் பதுங்கிக்கொண்டு, உதட்டைக் குவித்து, பெட்டைக்கோழி மாதிரி மெல்லக் கேறுவார்கள். ஒரு தரம் கேறுவார்கள். இரண்டாம் தரம் கேறுவார்கள். மூன்றாம் தரம் கேறிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். சேவல் புதுமாப்பிள்ளை மிடுக்கோடு நடந்து வரும். வில் ஒரு தரம் பேசும். அவ்வளவுதான் வேட்டை.

கொற்றனைப் போலக் கேற அந்த மலையில் ஆளில்லை. அவன் கேறினால் சேவல் மட்டுமா வரும்? தாயைத் தேடிக் குஞ்சுகளும் ஓடி வரும். அதனால் வீட்டில் கறிக்குக் குறைவில்லை, அவன் மனைவி மருதியின் மனத்திலும் குறையில்லை.

குறை கொற்றனுக்குத்தான் வந்தது. ஒரு கல்யாண விருந்தில், கள் தலைக்கேறிய ஒருவன் எழுந்து நின்று சொன்னான்: "நம்ம கொற்றன் வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி அடுப்படியில் இருக்கிறாள். இன்னொருத்தி காட்டுக்குப் போய்க் கேறிக்கொண்டு இருக்கிறாள்!"

பந்தியே சிரித்தது. கொற்றனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். வந்ததும் வில்லை மூலையில் எறிந்தான்.

"இனிமேல் நான் கேற மாட்டேன் மருதி. ஆண்பிள்ளை என்றால் ஆண்பிள்ளையாகக் கூவ வேண்டும்."

"கேறினாலும் கறி, கூவினாலும் கறி," என்றாள் மருதி. "பானைக்கு என்ன தெரியப்போகிறது மாமா?"

"பானைக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியுமே!"

கொற்றன் ஒரு மூங்கில் குழல் அறுத்தான். அதன் வாயில் காய்ந்த சுரைக்குடுக்கையைப் பொருத்தினான். ஊதிப் பழகினான். முதல் நாள் ஊதியபோது வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அடுத்த நாள் ஊதியபோது ஊர்ச்சேவல்கள் எல்லாம் கூவுவதை நிறுத்தின. அதற்கும் அடுத்த நாள் அவன் ஊதியது அந்தி மயங்குகிற நேரம். விடிந்துவிட்டது என்று எண்ணி இரண்டு பேர் கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். கலை கைகூடிவிட்டது என்று கொற்றனுக்குத் தெரிந்தது.

இளவேனில் வந்தது. கொற்றன் காட்டுக்குப் போனான். குழலை எடுத்தான். கூவினான்.

"கொக்... கொக்கைய்ய்... கொக்!"

அந்தக் கூவலைக் கேட்ட இளஞ்சேவல்கள், 'இத்தனை பெரியவன் இருக்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை' என்று கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு ஓடிப்போயின. ஒரே ஒரு கிழட்டுச் சேவல் மட்டும், 'என் எல்லைக்குள் எவனடா அவன்' என்று சிறகை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. கொற்றன் அதை எய்தான். ஊருக்குள் தோளில் தொங்கவிட்டு நடந்து வந்தான். விருந்தில் கேலி செய்தவனே எழுந்து வழிவிட்டான்.

ஓடிப்போன இளஞ்சேவல்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. கொற்றனும் வைக்கவில்லை. கிழட்டுச் சேவலின் கறி வேகவே இல்லை என்று மருதி சொன்னாள். அதையும் அவன் காதில் வாங்கவில்லை.

அடுத்த இளவேனில் வந்தது. கொற்றன் கூவினான். ஒரு சேவலும் வரவில்லை. ஆனால் வடக்குச் சரிவிலிருந்து ஒரு கூவல் பதிலாக வந்தது. அப்பா, என்ன கூவல்! மலை எதிரொலித்தது. மூங்கில் சிலிர்த்தது. கொற்றனுக்குப் புல்லரித்தது.

"இது சேவல் இல்லை," என்றான் தனக்குள். "சேவல்களுக்கெல்லாம் அரசன்."

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், கொற்றனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அது சேவலும் இல்லை, அரசனும் இல்லை. வடக்கூரில் பிடவன் என்று ஒரு வேடன் இருந்தான். அவனையும் யாரோ எப்போதோ கேலி செய்திருந்தார்கள். அவனும் ஒரு குழல் செய்திருந்தான். இந்தப் பக்கம் கொற்றன் கூவியதைக் கேட்டு, அந்தப் பக்கம் பிடவனுக்குப் புல்லரித்துக்கொண்டு இருந்தது.

கொற்றன் முன்னேறினால் பிடவன் பதுங்குவான். பிடவன் முன்னேறினால் கொற்றன் பதுங்குவான். இருவரும் நல்ல வேடர்கள் அல்லவா, ஒருவர் கண்ணில் ஒருவர் படவே இல்லை.

கொற்றன் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான்.

"என்ன மாமா, கோழி?"

"கோழியா? மயில் அளவுக்கு ஒரு சேவல் மருதி! மயிரிழையில் தப்பிவிட்டது."

மருதி கிழங்கை அவித்தாள்.

மறுநாளும் வெறுங்கை. "ஆட்டுக்குட்டி அளவு இருக்கும் மருதி. அதன் மூச்சையே கேட்டேன்."

மருதி கிழங்கை அவித்தாள்.

அதற்கு அடுத்த நாளும் வெறுங்கை. "கன்றுக்குட்டி..." என்று கொற்றன் தொடங்கினான்.

"மாமா," என்றாள் மருதி, "நீ கண்ணால் பார்த்தாயா?"

"பார்க்க வேண்டுமா? குரலே சொல்கிறதே!"

மருதி கிழங்கை அவித்தாள். உப்புப் போட மறந்துவிட்டாள்.

மூன்றாம் இளவேனிலும் வந்தது. அதற்குள் இரண்டு ஊரிலும் அந்தச் சேவலைப் பற்றிப் பேசாத வாயில்லை. அதன் கொண்டை தீப்பந்தம் போல எரியும் என்றார்கள். அது கூவினால் கருவுற்ற ஆடு குட்டி போடும் என்றார்கள். உண்மையான சேவல்களோ, இந்த இரண்டு ராட்சதக் குரல்களுக்கும் அஞ்சிப் பள்ளத்தாக்கை விட்டே போய்விட்டன. காட்டில் மிச்சம் இருந்தவை இரண்டு குழல்கள் மட்டும்தான்.

செய்தி மலைத்தலைவன் காதுக்கும் போனது. அவன் தலைப்பாகையில் இருந்த இறகைப் பூச்சி அரித்து, ஈர்க்குதான் நின்றுகொண்டிருந்தது. 'சேவல்களின் அரசனுடைய வால் இறகு, மலைகளின் அரசனுடைய தலையில்!' என்று நினைத்தபோதே அவனுக்கு ஒரு சாண் உயரம் கூடியது. வடக்கூர்ப் பிடவனைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"அந்தச் சேவலை உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? நான் கூவினால் அது பதில் சொல்லாமல் இராது, ஐயா."

மறுநாள் விடியலில் பிடவன் முன்னே போனான். வில் ஏந்திய முப்பது பேர் பின்னே போனார்கள். நடுவில் தலைவன் போனான்.

இது ஒன்றும் கொற்றனுக்குத் தெரியாது. அன்று ஒரு வேங்கை மரத்தடிப் புதரில் அவன் பதுங்கி இருந்தான். இன்றைக்கும் வெறுங்கையோடு போனால் மருதியின் முகத்தில் விழிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். குழலை எடுத்துக் கூவினான். பதில் வந்தது. இதுவரை வராத அளவுக்குக் கிட்டத்தில் வந்தது.

எதிர்ப்புதர் அசைந்தது. கொற்றன் குழலை வாயில் கவ்வியபடியே அம்பைத் தொடுத்தான், நாணைக் காதுவரை இழுத்தான், அசையும் இடத்துக்குக் குறி வைத்தான். அங்கே இருந்தது பிடவனின் நெஞ்சு. இன்னும் ஒரு மூச்சுத்தான் பாக்கி. அந்த ஒரு மூச்சை விடும்போது குழல் தானாகவே கூவிவிட்டது.

"அதோ!" என்றது ஒரு குரல்.

முதல் அம்பு கொற்றனின் குடுமியைக் கொண்டுபோனது. இரண்டாம் அம்பு குழலைப் பிளந்தது. மூன்றாம் அம்பு தொடையில் தைத்தது. கொற்றன் தொடுத்திருந்த அம்பு கைநழுவி மண்ணில் விழுந்தது.

"எய்யாதீர்கள்! நான் மனிதன்! மனிதன்!" என்று கத்தினான்.

யாரோ ஒருவன் கூவினான்: "கேட்டீர்களா? பேசுகிறது! சேவல் பேசுகிறது!"

"பேசும் சேவலின் இறகு!" என்றான் தலைவன். "விடாதீர்கள்! எய்யுங்கள்!"

அம்புகள் மழையாய் வந்தன. கொற்றன் மரத்தின் வேரோடு வேராய் ஒட்டிக்கொண்டான். மனிதன் என்றான், யாரும் நம்பவில்லை. கொற்றன் என்றான், யாரும் நம்பவில்லை. ஐயோ என்றான், "ஆஹா, அழவும் செய்கிறது!" என்றார்கள்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊர் வேடனும் இளவேனிலில் பெட்டைக்கோழியை எய்ய மாட்டான். அது அடைகாக்கும் காலம், எய்தால் குலம் அழியும். கொற்றனுக்கு அது நினைவு வந்தது. நினைவு வந்ததும் முதலில் வெட்கம் வந்தது. பிறகு காதை உரசிக்கொண்டு ஓர் அம்பு போனது. வெட்கம் போய்விட்டது.

உதட்டைக் குவித்தான். மூன்று வருஷமாகக் கேறாத வாயால் கேறினான். ஒரு தரம் கேறினான். இரண்டாம் தரம் கேறினான். மூன்றாம் தரம் கேறும்போது கண்ணீர் வந்தது.

"நிறுத்துங்கள்! பெட்டை இருக்கிறது! அடைக்கோழி!" என்று பிடவன் அலறினான். முப்பது வில்லும் தாழ்ந்தன.

தலைவன் மெல்ல நடந்து வந்து புதரை விலக்கிப் பார்த்தான். உள்ளே குடுமி இல்லாத ஒருவன், தொடையில் அம்போடு குந்திக்கொண்டு, கேறிக்கொண்டு இருந்தான்.

பின்னால் வந்த பிடவன், பிளந்து கிடந்த குழலைப் பார்த்தான். தன் கையில் இருந்த குழலைப் பார்த்தான்.

"நீயா?" என்றான்.

"நீயா?" என்றான் கொற்றன்.

"இரண்டு இளவேனிலாக..."

"ரொம்ப நன்றாகக் கூவினாய்," என்றான் கொற்றன். பொய் சொல்லவில்லை.

யாருக்கோ சிரிப்பு வரப் பார்த்தது. தலைவன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு உள்ளேயே செத்தது.

"முப்பது வில்லோடு வந்து நான் மடக்கியது கேறுகிற ஓர் ஆளைத்தான் என்று வெளியே தெரிந்தால், இந்த மலையில் என் தலை நிமிருமா?" என்றான் தலைவன். "கேளுங்கள். சேவல் இருந்தது. நம்மைப் பார்த்தது. வானத்துக்குப் பறந்துவிட்டது. போகும்போது எனக்காக ஓர் இறகைப் போட்டுவிட்டுப் போனது. அப்படித்தான் நடந்தது."

அப்படித்தான் நடந்தது என்று முப்பது பேரும் சொன்னார்கள். ஒரு மயில் இறகைப் புகையில் கருக்கித் தலைவன் தலைப்பாகையில் செருகிக்கொண்டான். இரண்டு ஊரிலும் முரசு அறைந்தார்கள்.

கொற்றன் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மருதியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அம்பு தைத்த இடத்தைக் கழுவி, பச்சிலை வைத்துக் கட்டினாள். "நீ அவனைக் கொன்றிருந்தால்?" என்று மட்டும் கேட்டாள். அன்று இரவு முழுதும் அந்தக் கேள்வி கொற்றனுக்குத் தொடையைவிட அதிகமாக வலித்தது.

விடிந்ததும் அவன் ஊரைக் கூட்டினான். "அங்கே சேவல் இல்லை. நானும் வடக்கூரானும்தான் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டோம்," என்றான்.

"என்ன அடக்கம்!" என்றது ஊர்.

"சத்தியமாகச் சொல்கிறேன். நான்தான் கூவினேன்."

"சேவல்களின் அரசனே இவன் கூவலுக்குப் பதில் சொன்னதாம்!" என்றது ஊர்.

"இந்தப் புண்ணைப் பாருங்கள், அம்பு தைத்த புண்!"

ஊர் நெருங்கி வந்து பார்த்தது. "அம்பா? அந்தச் சேவலின் கால்முள் குத்திய இடம்!" என்றாள் ஒருத்தி. தன் இடுப்புக் குழந்தையின் கையை எடுத்து, கட்டின்மேல் தொட்டு, குழந்தையின் கண்ணில் ஒற்றினாள்.

அடுத்த இளவேனிலில் இரண்டு ஊர் வாலிபர்களும் ஆளுக்கொரு குழல் செய்துகொண்டு பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். கொற்றன் காட்டு வாசலில் தடியை ஊன்றி நின்று, "போகாதீர்கள், அங்கே இருப்பது எல்லாம் ஆட்கள்தான்!" என்று தொண்டை வற்றக் கத்தினான். பெரிய சேவலைத் தான் ஒருவனே பிடிக்கத் தந்திரம் செய்கிறான் என்று சொல்லிக்கொண்டே அவனைக் கடந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் கூவல். சரிவுக்குச் சரிவு கூவல், புதருக்குப் புதர் கூவல். மாலையில் பலர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டவர்களிடம் எல்லாம் கால்முள் குத்தியது என்றார்கள்.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள், பெரியோரே, சிறியோரே: இல்லாத பெருமையைக் கூவிக் காட்டுகிறவன், வேட்டைக்குப் போய்த் தானே வேட்டையாவான்.