மதகுப் பேயும் வேற்றுக்கிரகவாசியும்

“பேய் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்கம்மா” என்றார் மருதையன்.

ஓடத்தம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் முறம், முறத்தில் துவரம்பருப்பு. கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கொள்ளிடத்து நடுப்படுகையில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் அவள் மடம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓடத்தில் வந்து இறங்கினாள், திரும்பிப் போகவில்லை. அதனால் ஓடத்தம்மா. சொந்தப் பேர் என்னவென்று யாரும் கேட்டதில்லை.

மருதையன் அவளைவிட ஆறு வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக் காட்டி, “பாத்தீங்களாடா, இதுல மந்திரமும் இல்ல மாயமும் இல்ல” என்று சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருஷம் ஓட்டியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன், உச்சி வெயிலில் மணலில் கால் பொசுங்க நடந்து வந்து கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

ஒன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர்தான். ஏதாவது கேட்பார். அவள் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் என்னமோ கிடைத்த மாதிரி திரும்பிப் போவார்.

“இன்னிக்கு வியாழக்கிழமையாச்சே வாத்தியாரே?” என்றாள் அவள்.

“நாளைக்குக் காலையில வேன் வருதும்மா” என்றார்.

விஷயம் இதுதான்.

அவருக்கு ஒரே தங்கை, தையல்நாயகி. படுக்கையில் கிடந்த மாமியாரை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவள். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, எல்லாம் அவள்தான். சித்திரையில் மாமியார் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்றைக்குத் தையல்நாயகி கூடத்தில் நின்றுகொண்டு கரகரத்த கட்டைக் குரலில் சிரித்தாள்.

யாரது என்று கேட்டார்கள்.

“நான்தாண்டா மதகுக் குஞ்சம்மா” என்றாள்.

டாக்டரிடம் காட்டியாயிற்று. ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். தூங்கினாள். எழுந்ததும் குஞ்சம்மா திரும்ப வந்துவிட்டாள்.

அப்புறம் பேயோட்டுகிற கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே சாட்டையடியில் இடது தோள்பட்டை வீங்கியது. மூன்று மாதம் ஆகிறது, இன்னும் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. நாளைக்கு இரண்டாம் தடவை. பேய் அழுத்தமான பேயாம், இந்தத் தடவை கட்டிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டுமாம்.

“அவ தாங்க மாட்டாம்மா” என்றார் மருதையன். “மாப்பிள்ளைக்கு உங்க மேல மரியாதை உண்டு. ஓடத்தம்மா வாயால இல்லைன்னு சொல்லட்டும், வேனைத் திருப்பி அனுப்பிடறேன்னு சொல்லியிருக்காரு. ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரு வார்த்தை.”

“நீங்க சொல்ல வேண்டியதுதானே? நீங்கதான் படிச்சவரு.”

மருதையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அங்கேதான் ஐயா சிக்கலே!

சொல்லத்தான் சொன்னார். தங்கை புருஷன் கலியமூர்த்தியை உட்கார வைத்து, ஒரு மணி நேரம் வகுப்பே எடுத்தார். பேய் என்பதற்கு ஆதாரம் கிடையாது, கண்ணால் காணாததை நம்பக் கூடாது, அது இது என்று.

கலியமூர்த்தி பொறுமையாகக் கேட்டான். மாவு மில் வைத்திருக்கிறவன். சத்தத்தில் இருந்து பழகியவன், அவசரமாகப் பேச மாட்டான்.

“மச்சான், போன வருஷம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுல நீங்க பேசினீங்களே, வேற கிரகத்துல ஆளுங்க இருக்காங்கன்னு. அவங்களை நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்ல. ஆனா கோடானுகோடி நட்சத்திரம் இருக்கு மாப்ளே. கணக்குப் போட்டுப் பாத்தா எங்கேயாவது இருந்தாகணும்.”

“உங்ககிட்டப் பேசியிருக்காங்களா?”

“இல்ல.”

“எந்த இடம்னாவது தெரியுமா?”

“தெரியாது.”

“என் பேய் என் வீட்டுலயே இருக்கு மச்சான். பேசுது. பேரு சொல்லுது, ஊரு சொல்லுது. ஒரு வேளைக்கு மூணு ஆள் சோறு தின்னுது. தெருவே பாத்திருக்கு. நீங்களும்தான் பாத்தீங்க. இப்ப சொல்லுங்க, யாருகிட்ட ஆதாரம் ஜாஸ்தி?”



சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி அழுதானாம். “எனக்கென்ன அவளை அடிக்கணும்னு ஆசையா? என் பொண்டாட்டியை எனக்குத் திருப்பிக் குடுத்தாப் போதும் மச்சான்” என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டானாம்.

மருதையன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுக்கே போய் விசாரித்தார். குஞ்சம்மா என்று யாராவது இங்கே செத்தார்களா?

ஒருத்தர் ஆமாம் என்றார், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு விழுந்தாள் என்றார். இன்னொருத்தர் அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்றார். மூன்றாவது ஆள், குஞ்சம்மா சாகவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் மலேயாவுக்குக் கப்பலேறிவிட்டாள் என்றார். நாலாவதாக ஒரு கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “வாத்தியாரே, உங்களுக்கும் பிடிச்சிருச்சா?” என்றார்.

“நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம் குழம்பிப் போச்சும்மா” என்றார் மருதையன். “பாக்காததை நான் நம்பறேன். பாத்ததை நம்ப மாட்டேங்கறேன். இது என்ன நியாயம்? எனக்கே தெரியல.”

ஓடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கையை நீட்டி மணலைக் காட்டினாள்.

“அங்க என்ன தெரியுது?”

மருதையன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அக்கரைப் பக்கம், கானல் தளும்பிக்கொண்டிருக்க, நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று.

“மரக்கட்டை. வெள்ளத்துல வந்து ஒதுங்கியிருக்கும்.”

“அப்படியா?”

அது அசைந்தது.

“இல்லம்மா, ஆளு. பொம்பளை மாதிரி இருக்கு. தலையில என்னமோ சுமை.”

“அப்படியா?”

அது இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாயிற்று.

“சேச்சே, மாடு! கானல்ல ஒளி வளையும்மா. சூடான காத்துல அப்படித்தான் தெரியும். மாடுதான்.” கொஞ்சம் யோசித்தார். “ஆளாவும் இருக்கலாம்.”

“இருக்கட்டும். இந்தப் பக்கமாத்தான் வருதுன்னு வையுங்க. கிட்ட வந்தா என்ன செய்வீங்க?”

“என்ன செய்யறது? கேப்பேன்.”

“என்னன்னு?”

“யாரு, எங்கேர்ந்து வர்றீங்க, என்ன வேணும். வேற என்னத்தைக் கேக்கறது?”

“உங்க வேற கிரகத்து ஆளுங்க வந்து இறங்கினா?”

மருதையனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. “அதேதாம்மா. இத்தனாம் பெரிய ஆண்டெனாவை வானத்தைப் பாத்து வெச்சுக்கிட்டு உலகமே அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கு. யாரு, எங்கேர்ந்து வர்றீங்க, என்ன வேணும்.”

“கோயில்ல பூசாரி உடுக்கையை அடிச்சுக்கிட்டு என்ன கேட்டாரு?”

“நீ யாரு, எங்கேர்ந்து வந்தே...” மருதையன் மெதுவாக நிறுத்தினார். “என்ன வேணும்.”

“குஞ்சம்மா சொன்னாளா?”

“உடனே சொல்லிச்சு. கெண்டைமீன் குழம்பு வேணும். சிவப்புப் புடவை வேணும். ஆத்துல ஒரு நாள் பூராக் காலை விட்டுக்கிட்டு உக்காரணும், யாரும் கூப்பிடக் கூடாது.”

“செஞ்சீங்களா?”

“குழம்பும் புடவையும் குடுத்தோம். ஆத்துக்கு எப்படிம்மா விடறது?”

ஓடத்தம்மா முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

“இந்த மூணு கேள்வியையும் உங்க தங்கச்சிகிட்டக் கேட்டீங்களா?”

“தங்கச்சிகிட்டயா?” மருதையன் சிரித்தேவிட்டார். “அவ என் கூடப் பொறந்தவம்மா! அவ யாரு, எங்கேர்ந்து வந்தான்னு எனக்குத் தெரியாதா? அவளுக்கு என்ன வேணும்னு எனக்கு...”

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லப் போறதில்ல” என்றார்.

“பாருங்க, போயிருச்சு” என்றாள்.

மருதையன் திரும்பி மணலைப் பார்த்தார். அந்தக் கறுப்பு உரு படுகை ஓரமாகத் திரும்பி எங்கேயோ போயிருந்தது. கட்டையாக இருந்தால் போயிருக்காது. அந்த மட்டுக்கும் நிச்சயம். மற்றபடி அது என்ன என்று இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தங்கை வீட்டுக்குப் போனபோது தையல்நாயகி கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தாள். இடது கையை மடியில் தூக்கி வைத்திருந்தாள், பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி. சிவப்புப் புடவை.

“வேன் வந்தாச்சாண்ணே?” என்றாள். அவள் குரல்தான். வழக்கமான, மெல்லிய குரல்.

“இன்னும் இல்ல.”

மருதையன் அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். வேட்டியில் ஈரம் ஏறியது. எப்படி ஆரம்பிப்பது? கூடப் பிறந்தவளைப் போய் நீ யாரு என்று கேட்பார்களா? வெட்கமாக இருந்தது. உள்ளங்கையில் நெருப்பை ஏற்றியபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

“தையலு.”

“என்னண்ணே?”

முதல் இரண்டு கேள்வியும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. மூன்றாவது மட்டும் வந்தது.

“உனக்கு என்னம்மா வேணும்?”

தையல்நாயகி அவரை உற்றுப் பார்த்தாள்.

“பேய்கிட்டக் கேக்கறியா, என்கிட்டக் கேக்கறியா?”

மருதையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறது என்றால் யாரிடம் கேட்கிறார், இல்லை என்றால் யாரிடம் கேட்கிறார், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவருக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்ததெல்லாம் அந்த வீங்கின தோள் ஒன்றுதான்.

“உன்கிட்டதாம்மா.”

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள்.

குஞ்சம்மாவுக்கு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

“இருண்ணே” என்றாள். “யோசிக்கறேன்.”

வாசலில் ஹாரன் சத்தம். கலியமூர்த்தி கூடத்தைத் தாண்டி வேகமாக வந்து கொல்லைக் கதவில் நின்றான். கையில் சுருட்டின கயிறு.

“மச்சான்! ஓடத்தம்மா இல்லைன்னு சொன்னாங்களா?”

“சொல்லல மாப்ளே.”

“அப்ப இருக்குன்னு சொன்னாங்களா?”

“அதுவும் சொல்லல.”

“என்னதான் சொன்னாங்க?”

மருதையன் தங்கை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க மாப்ளே. இவகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். இன்னும் பதில் சொல்லல.”

ஹாரன் மறுபடி அடித்தது. கலியமூர்த்தி பெண்டாட்டியைப் பார்த்தான், கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, வண்டியை அணைக்கச் சொல்லிக் கத்தினான்.