முறுக்கு சுற்றுகிறவள்

"நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

கொலு வீட்டை விட்டு இறங்கி நாலு வீடு தாண்டுவதற்குள் பூங்காவனம் கேட்டுவிட்டாள்.

அஞ்சலாட்சி நடந்துகொண்டே இருந்தாள். பொம்மை செய்யக் கற்றுக்கொடுப்பவள் அவள். கற்றுக்கொள்பவள் பூங்காவனம். ஆனால் வயதில் பூங்காவனம்தான் மூத்தவள். பூங்காவனம் அவளை வாத்தியாரம்மா என்பாள். அஞ்சலாட்சி பூங்காவனத்தை அக்கா என்பாள்.

"எதைக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க, வாத்தியாரம்மா."

நடந்தது இதுதான்.

கமலவேணி வீட்டுக் கொலுவில், அஞ்சலாட்சியிடம் வாங்கி வைத்த ஒரு மண் பொம்மை. முறுக்கு சுற்றும் பெண். குந்தி உட்கார்ந்து மாவை விரலால் முறுக்கிக்கொண்டிருக்கிறாள். சுற்று பிசகிவிடக் கூடாதே என்ற கவனத்தில் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது.

வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால்தான் நின்றார்கள்.

"அந்த நாக்கைப் பாருங்களேன்!" கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம அஞ்சலாட்சி கை. வேற யாருக்கு வரும்?"

அது பூங்காவனம் செய்தது. காயும்போது கழுத்தில் விரிசல் விட, உடைத்து, ஊறவைத்து, திரும்பத் திரும்பப் பிசைந்து செய்தது.

அஞ்சலாட்சி சுண்டலைத் தின்றபடி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"என் வீட்டுக்காரர் கடைக்கு முறுக்கு சுத்துறது நான்தான்," என்றாள் பூங்காவனம். மூச்சு வாங்கியது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து. தின்னவங்க எல்லாம் அவரைத்தான் மெச்சுவாங்க. உங்க கைப்பக்குவமே தனின்னு. அவரு சிரிச்சுட்டு நிப்பாரு. இன்னிக்கு நீங்களும் அப்படியே நின்னீங்க."

அஞ்சலாட்சி நின்றாள்.

"அவரை மெச்சும்போது நீங்க எங்கேக்கா இருப்பீங்க?"

"உள்ளே. அடுப்புகிட்ட."

"இன்னிக்கு?"

பூங்காவனம் கொலு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"பொம்மை பக்கத்துலதான் நின்னேன். ஆனா என் வாயால நானே எப்படிச் சொல்றது? பீத்திக்கிற மாதிரி இருக்காதா?"

"உங்களுக்குப் பெருமையா இல்லையா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

அஞ்சலாட்சி கை நீட்டி, அவளிடமிருந்த வெற்றிலைபாக்குப் பையை வாங்கிக்கொண்டாள். போய் விளக்குக் கம்பத்தடியில் சாய்ந்து நின்றாள். அவசரமே இல்லாதவள் போல.

பூங்காவனம் சற்று நேரம் அவளையே பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கூடம் நிறையப் பெண்கள். யாரோ பாடி முடித்திருந்தார்கள்.

"என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் கமலவேணி.

"ஆமாங்க. ஒண்ணு சொல்லாம போயிட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். பூங்காவனம் பொம்மையைக் கையால் காட்டினாள்.

"அந்த முறுக்கு சுத்துறவ இருக்காளே, அவளை நான் செஞ்சேன்."

"நீங்களா?" கமலவேணி சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டாள். "அஞ்சலாட்சி சொல்லவே இல்லையே?"

"நான் சொல்றேங்க."

கமலவேணி பொம்மையைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"உங்க பேரைக்கூட நான் கேக்கலையேம்மா."

பூங்காவனம் உரக்கச் சொன்னாள்.

நாலு வீடு தள்ளி, விளக்குக் கம்பத்தடியில் நின்றவளுக்கும் கேட்டது.