நம்ம ஊரு கத்தரிக்காய்

"சாமி, என் கத்தரிக்காயில என்ன குறைங்க?"

மடத்து வாசலில் மொபெட்டை நிறுத்திய கையோடு ராக்கியண்ணன் கேட்டார்.

கரட்டடி மடத்துச் சாமி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யார் குறை சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. அதுதான் சந்தேகமா இருக்குது."

ராக்கியண்ணனுக்கு வயது அறுபத்திரண்டு. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேட்டுக்கொண்டு போகிறவர். கேட்டபடி நடந்தாரா என்பது வேறு.

மொபெட்டின் பின்னால் ஒரு கூடை கட்டியிருந்தது. கூடை நிறையக் கத்தரிக்காய். எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

விஷயம் இதுதான். சத்துணவுக்குக் காய்கறியை உள்ளூர் விவசாயியிடமே வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. ஊர்ப் பள்ளிக்கு ராக்கியண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிச் சுவரில் 'நம்ம ஊரு காய், நம்ம பிள்ளைங்களுக்கு' என்று எழுதி, அடியில் அவர் பெயரையும் எழுதினார்கள். மூன்று முறை கூடை போனது. மூன்று முறையும் சமையல்காரி பாவாயி திருப்பிவிட்டாள்.

இன்று மூன்று மணிக்குப் பள்ளிக் கமிட்டி கூடுகிறது. அப்போதும் அவள் வாங்க மறுத்தால் பழையபடி சந்தை லாரிதான். பெயரின் மேல் வெள்ளையடித்துவிடுவார்கள்.

"என்ன சொல்லித் திருப்பினாள்?"

"'எடுத்துட்டுப் போங்கய்யா'ன்னா. அவ்வளவுதானுங்க."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறா. லாரிக்காரன் என்னமோ கொடுக்கறானுங்க."

"இருக்கலாம்."

"இல்லைன்னா என்ற பங்காளி தூண்டி விட்டிருக்கோணும். என் பேரு சுவத்துல ஏறுனதுல இருந்து அவனுக்குத் தூக்கமில்லை."

"இருக்கலாம்."

"ஹெட்மாஸ்டர் வேற வெளியூர்க்காரர். எதுக்கெடுத்தாலும் சிரிக்கறார். சிரிக்கறவங்களை நம்பக் கூடாதுங்க."

சாமி சிரித்தார்.

ராக்கியண்ணன் அவரையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"அவ இங்க வந்தாளுங்களா?"

"வந்தாள்."

"என்ன சொன்னா?"

"விளக்குக்கு எண்ணெய் ஊத்தினாள். கும்பிட்டாள். போயிட்டாள்."

"என்னைப் பத்தி?"

"உங்களைப் பத்தி நீங்க மட்டுந்தான் பேசிக்கிட்டிருக்கீங்க."

அரிசி உலையில் விழுந்தது. சாமி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாவாயியை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க. லீவு நாள்ல என்ற தோட்டத்துலதான் காய் பறிப்பா. அவ புருஷன் சென்றாயன் ஏழு வருஷமா எனக்கு மருந்தடிக்கறவன். டேங்கை முதுகுல மாட்டுனான்னா பொழுதுக்கும் இறக்க மாட்டான்."

"இப்பவும் வர்றானா?"

ராக்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நேத்து நிறுத்திட்டேனுங்க. பொண்டாட்டி எனக்கு எதிரா நிப்பா, புருஷனுக்கு நான் வேலை கொடுக்கோணுமாக்கும்."

"அதுக்கு அவள் என்ன சொன்னாள்?"

"இன்னைக்குக் காலையில போனேன். அதே பேச்சுதான். 'எடுத்துட்டுப் போங்கய்யா.'"

"புருஷன் வேலை போன பிறகும்."

"திமிருங்க சாமி."

"இருக்கலாம். பிள்ளைகள் உண்டா?"

"ரெண்டு. அங்கதான் படிக்குது. அங்கதான் சாப்பிடுது."

"உங்க பேரன்?"

"அவன் டவுன் ஸ்கூலுங்க. வேன் வருது. சோறு வீட்டுல இருந்து போயிரும்."

சாமி தலையாட்டினார். உலை கொதித்தது.

ராக்கியண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். வந்த காரியத்துக்கு வந்தார்.

"சாமி ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. உங்க பேச்சை அவ மீற மாட்டா."

"என்ன சொல்லணும்?"

"நம்ம ஊரு காய், நம்பி வாங்குன்னு."

"சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ராக்கியண்ணனுக்கு உயிர் வந்தது. எழுந்து ஓடி, மொபெட்டின் முன்னால் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து வந்தார்.

"சாமிக்குன்னு தனியாப் பறிச்சுட்டு வந்திருக்கறேனுங்க."

பையிலும் கத்தரிக்காய்தான். சிறியதும் பெரியதுமாக இருந்தது. சில கோணல். இரண்டில் சொத்தை.

சாமி பையை வாங்கி ஓரமாக வைத்தார். நேராக மொபெட்டிடம் போய்க் கூடையின் கயிற்றை அவிழ்த்தார்.

"அது எதுக்குங்க சாமி? கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும்."

"பையில இருக்கறது எந்தத் தோட்டம்?"

"நம்ம தோட்டந்தானுங்க."

"கூடையில?"

"அதுவும் நம்ம தோட்டந்தான்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

சாமி கூடையிலிருந்து ஆறு காய் எடுத்தார். கழுவினார்.

"இன்னொரு தண்ணி அலசிருங்க சாமி."

இன்னொரு முறை அலசினார்.

"உப்புப் போட்டு ஒருக்கா அலசுனா நல்லதுங்க."

உப்புப் போட்டும் அலசினார். அரிந்தார். கடுகு வெடித்தது. காய் வதங்கி முடிவதற்குள் ராக்கியண்ணன் ஐந்தாறு முறை கடிகாரம் பார்த்தார்.

சாமி இரண்டு இலை போட்டார்.

"உட்காருங்க."

"எனக்கு இன்னைக்கு விரதமுங்க."

"போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டீங்க."

"இந்த வாரத்துல இருந்துதானுங்க."

"சரி."

சாமி தன் இலையில் மட்டும் சோற்றை வைத்தார். கத்தரிக்காயை மேலே போட்டார். பிசைந்தார். எண்ணெயும் காரமும் சேர்ந்து நல்ல வாசனை. முதல் கவளத்தை எடுத்தார்.

பதினோரு வருடத்தில் ராக்கியண்ணன் சாமியைத் தொட்டதில்லை. இப்போது பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். சோறு சிதறி இலைக்கு வெளியே விழுந்தது.

"வேண்டாமுங்க சாமி. முந்தாநேத்துதான் மருந்தடிச்சது. அது நமக்கில்லீங்க. அது பள்ளிக்கூடத்துக்கு."