கூரை வெட்டிய அம்பாசிடர்

ஐம்பத்தைந்து வயதில் சீடனாவதில் ஒரு வசதி உண்டு. குரு திட்டினாலும் 'சார்' போட்டுத்தான் திட்டுவார்.

தெய்வசிகாமணி வங்கி மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தாறு. கோயம்புத்தூரில், பழைய கார்களை வெட்டி ஒட்டிப் புது உருவம் கொடுக்கும் பட்டறை அவருடையது. நாலு வருடம் அவரிடம் வெல்டிங் பழகிய சிகாமணி, யார் துணையும் இல்லாமல் ஒரு காரைச் செய்து முடித்திருந்தார். இன்று அதைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்தார்.

காலேஜ் மைதானத்தில் நல்ல கூட்டம். டிராக்டர் சக்கரம் மாட்டிய ஜீப், உடம்பெல்லாம் நெருப்பு தீட்டிய பியட், மூன்று சக்கர புல்லட் என்று ஆளுக்கொரு கிறுக்கு. ஆனாலும் கூட்டம் மொய்த்தது சிகாமணியின் அம்பாசிடரைத்தான். மூடியில்லாத இன்ஜின் முன்னால் பளபளத்தது. கூரையை ஆறு அங்குலம் வெட்டி இறக்கியிருந்தார். டயரில் மண் படக் கூடாதென்று லாரியில் ஏற்றி வந்திருந்தார்.

ஜெசிந்தா வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"கண்ணெடுக்க முடியலைங்க, சார்."

சிகாமணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு வருடத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. இதுதான் சமயமென்று கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், நான் இனித் தனியாப் பட்டறை போடலாமுங்களா?"

இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். குரு 'சரி' என்று சொல்லாமல் ஆரம்பிக்க மனம் வரவில்லை.

"ஒரு டீ குடிச்சுட்டு வந்து பேசலாமுங்க. இந்த வண்டியிலயே போலாம்."

"பதினோரு மணிக்கு நடுவருங்க வந்துருவாங்களே?"

"இப்பப் பத்துதானுங்களே ஆச்சு."

டயர் அழுக்காகுமே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். உடம்பை மடக்கி உள்ளே நுழைந்தார். முன் கண்ணாடி ஒரு சாண் உயரம்தான் இருந்தது. பட்டறை வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தியதோடு சரி, சாலையில் அவர் இதை ஓட்டுவது இதுவே முதல் தடவை.

முதல் சிக்னலில் நிறுத்தினார். விளக்கைத் தேடினார். தாடையை ஸ்டியரிங்கில் வைத்துக்கூடப் பார்த்தார். கம்பம் தெரிந்தது, விளக்கு தெரியவில்லை. பின்னால் பஸ்காரர் ஹார்னை அமுக்கினார்.

"பச்சை விழுந்துருச்சுங்களா, மாஸ்டர்?"

"எனக்கும் தெரியலைங்க, சார்."

குத்துமதிப்பாகக் கிளம்பினார். இடப்பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். ஸ்கூட்டருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

ஸ்கூட்டரில் ஒரு பெண், அவள் முதுகைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை. அவள் திட்டவில்லை. குனிந்து, வண்டிக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

சிகாமணி வண்டியை ஓரம் கட்டினார். ஜெசிந்தா வெளிறிப்போயிருந்தார்.

"தப்பு என்னுதுங்க, சார். மைதானத்துக்குள்ளயே ஓட்டச் சொல்லியிருக்கணும்."

டீக்கடை வரை போகவில்லை. ஜெசிந்தா இறங்கி முன்னால் நடந்தார். அவர் கைகாட்டக் கைகாட்ட, வண்டி பின்னாலேயே ஊர்ந்து மைதானத்துக்குத் திரும்பியது.

பதினோரு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இன்ஜினை முகர்ந்துகூடப் பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே உட்காரவில்லை.

முதல் பரிசு சிகாமணிக்கு. மைக்கில் பெயரைக் கேட்டதும் கூட்டம் விசிலடித்தது. கோப்பையை வாங்கியபோது, அந்தப் பெண் குனிந்து பார்த்ததுதான் அவர் கண்ணில் நின்றது. வெட்கமாக இருந்தது. கோப்பையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அவர் காட்டவில்லை.

கூட்டம் கலைந்தது. காலையில் கேட்டதை அவர் மறுபடி கேட்கவில்லை.

"கூரையை ஏத்திரணும், மாஸ்டர்."

"ஏத்தினா இந்த அழகு போயிருமுங்களே."

"போனாப் போகுதுங்க."

சிகாமணி அளவு டேப்பை எடுத்துக் கூரையில் வைத்தார்.

"எத்தனை அங்குலம் ஏத்தட்டுங்க, மாஸ்டர்?"

"என்னைக் கேட்டா எப்படிங்க, சார்? ஓட்டினது நீங்கதானுங்களே."